யாழ்ப்பாணத்தில் ஹைபிரிட் கார் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கார் பார்க்கப் போகும்போது "நீயும் ஒருக்கா வா" என்று கூப்பிடும் சொந்தக்காரரும் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். விற்பனை விலைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இன்று எழுதினால் அடுத்த மாதமே பிழைத்துவிடும். வரியும் டொலரும் அப்படி.

ஹைபிரிட் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. காரின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் "ஹைபிரிட்" என்ற எழுத்து மட்டும்தான் ஒன்று.

டொயோட்டாவின் அக்குவா, பிரியஸ், அக்சியோ ஹைபிரிட் மூன்றும் முழு ஹைபிரிட். மெதுவாகப் போகும்போது எஞ்சின் நின்றுவிடும், மோட்டார் மட்டுமே காரை ஓட்டும். ஹொண்டா ஃபிட்டின் ஜிபி5, வெசெல், கிறேஸ் ஆகியவையும் முழு ஹைபிரிட்தான், ஆனால் உள்ளே இருக்கும் பொறிமுறை முற்றிலும் வேறு. அதற்கு முந்தைய ஃபிட்டான ஜிபி1, 2010இல் வந்தது. அதில் மோட்டார் எஞ்சினோடு ஒட்டியே சுற்றும், எஞ்சினுக்குத் தோள்கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை.

சுசுகி வகன் ஆர் மென் ஹைபிரிட். அதில் பெல்ற்றோடு இணைந்த சின்ன மோட்டார் ஒன்று இருக்கிறது. சிக்னலில் நின்ற எஞ்சினைச் சத்தமில்லாமல் எழுப்பும், வேகம் எடுக்கும்போது கொஞ்சம் உந்தும். மோட்டாரிலேயே நல்லூரைச் சுற்றி வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

செருகிச் சார்ஜ் செய்யும் பிளக் இன் ஹைபிரிட்டும் இருக்கிறது. மிற்சுபிசி அவுட்லாண்டரின் பிஎச்இவி மாதிரி அந்த வகை. வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இல்லையென்றால் அதை வாங்குவதில் அர்த்தமில்லை.

லீற்றருக்கு 35 கிலோமீற்றர் ஓடும் என்கிறார்களே, உண்மையா?

அந்த இலக்கம் யப்பானில் பரிசோதனைக் கூடத்தில் எடுத்தது. அக்குவா 2011 டிசம்பரில் வெளிவந்தபோது அங்கே அறிவித்தது 35.4. பிறகு 37 ஆக்கினார்கள். ஃபிட் ஹைபிரிட் 2013இல் 36.4 என்று வந்து அக்குவாவோடு போட்டிக்கு நின்றது. வெயிலும் ஏசியும் நாலு பேரும் பின்னால் இரண்டு மூட்டை வெங்காயமும் அந்தக் கூடத்தில் கிடையாது.

நம் ஊரில் ஓட்டுகிறவர்கள் சொல்வதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பற்றரி நல்ல நிலையில் இருக்கும் அக்குவா 20க்கும் 25க்கும் இடையில் நிற்கும். அக்சியோ அதற்கு ஒன்றிரண்டு குறைவு. ஃபிட் ஜிபி5 18 முதல் 22 வரை. வெசெல் 15 முதல் 18. வகன் ஆர் 17 முதல் 20. அக்குவா 14 தான் தருகிறது என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஹைபிரிட் மிச்சம் பிடிப்பது நின்று நின்று போகும் ஓட்டத்தில். பிறேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மோட்டார் மின்சாரமாக்கிப் பற்றரிக்கு அனுப்புகிறது. கஸ்தூரியார் வீதியில் பத்து அடிக்கு ஒருமுறை பிறேக் பிடிக்கிறோம், அங்கே அது ராஜா. ஏ9இல் மாங்குளம் தாண்டி ஒரே வேகத்தில் போகும்போது பிறேக்குக்கு வேலை இல்லை, சாதாரண பெற்றோல் காரோடு உள்ள இடைவெளி அங்கே சுருங்கிவிடும். வாரம் தோறும் கொழும்புக்கு ஓடுகிறவர் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும்.

பெற்றோல் மிச்சத்திலேயே கூடுதலாகக் கொடுத்த காசு திரும்பிவிடுமா?

உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது. கடுதாசியில் போட்டுப் பாருங்கள்.

மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். லீற்றருக்கு 13 ஓடும் பெற்றோல் காருக்கு 77 லீற்றர் வேண்டும். 21 ஓடும் ஹைபிரிட்டுக்கு 48. மிச்சம் 29 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று பிடித்தால் மாதம் 8,700, வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஹைபிரிட்டுக்காகப் பத்து லட்சம் கூடக் கொடுத்திருந்தால் அது திரும்ப வர ஒன்பது பத்து வருடம் பிடிக்கும். அதற்குள் பற்றரிச் செலவு ஒன்று வந்தே தீரும்.

இதையே ஹயர் ஓடுகிறவர் மாதம் 2500 கிலோமீற்றர் ஓடினால் நாலு வருடத்துக்குள் எடுத்துவிடுவார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கவும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும், மாதத்தில் ஒருமுறை கிளிநொச்சிக்கும் மட்டும் கார் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது, நல்ல நிலையில் உள்ள சாதாரண பெற்றோல் கார் ஒன்றையும் பாருங்கள் என்றுதான். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

ஆனால் பணக்கணக்கு மட்டும் வைத்து நம் சனம் ஹைபிரிட் வாங்குவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. 2022இல் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போய், பிறகு கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்தபோது, அக்குவா வைத்திருந்தவர் அந்த 20 லீற்றரில் கொழும்புக்கே போய்ச் சேர்ந்தார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்துக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது உங்கள் விருப்பம்.

அக்குவாவா, ஃபிட்டா? ஒன்றைச் சொல்லுங்கள்.

அக்குவா.

ஏன் என்று கேட்பீர்கள். ஓட்டிப் பார்த்தால் ஃபிட் ஜிபி5 தான் பிடிக்கும். இழுவை கூட, உள்ளே இடம் கூட, பின் சீற்றை மடித்தால் சைக்கிளையே ஏற்றலாம். அக்குவாவின் பின் சீற்றில் உயரமானவருக்குத் தலை முட்டும். உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக்கைப் பார்த்தால் இவ்வளவு காசுக்கு இதுவா என்றிருக்கும்.

பிரச்சினை கியர்பொக்ஸில். ஜிபி5இல் இருப்பது ஏழு கியர், இரட்டைக் கிளச். அந்தக் கிளச் ஒயிலில் ஊறாத உலர் வகை. ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிச் சூடாகும். கார் வெளிவந்து ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் யப்பானில் ஃபிட் ஹைபிரிட்டை ஹொண்டா ஐந்து தடவை திருப்பி அழைத்தது, அவற்றில் சில இந்தக் கியர்பொக்ஸின் மென்பொருளுக்காக. பிற்பாடு வந்தவை எவ்வளவோ மேல். ஆனாலும் நல்லூர்த் திருவிழா நாளில் பருத்தித்துறை வீதியில் ஊர்வதுதான் அந்தக் கிளச்சுக்குச் சோதனை.

டொயோட்டாவின் ஹைபிரிட்டில் கிளச்சே இல்லை. பெல்ற்றால் ஓடும் சிவிரி கியர்பொக்ஸும் இல்லை. நடுப் பல்சில்லைச் சுற்றி மற்றப் பல்சில்லுகள் சுழலும் கோள்பல்லிணைத் தொகுதி ஒன்று, அதோடு இரண்டு மோட்டார்கள். இரண்டு மோட்டாரின் வேகத்தையும் கூட்டிக் குறைப்பதே கியர் மாற்றுவது. ஸ்ராட்டர் மோட்டாரும் ஓல்ற்றனேற்றரும்கூடத் தனியாகக் கிடையாது, அந்த வேலையையும் இவையே செய்கின்றன. தேயும் சாமான் குறைந்தால் கராஜ் செலவும் குறையும். அதனால்தான் அழகைவிட்டு அக்குவா என்கிறேன்.

ஃபிட்தான் வேண்டும் என்று மனம் பிடித்துவிட்டால், 2013, 2014 வண்டிகளை விட்டுப் பிந்தியதை எடுங்கள்.

பிரியஸ் மலிவாக வருகிறதே, எடுக்கலாமா?

2009 முதல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1.8 லீற்றர் எஞ்சின், அகலமான சீற், நீண்ட பயணத்துக்கு அக்குவாவைவிட எவ்வளவோ சொகுசு. கொழும்பு ஓட்டம் இருந்தால் இது நல்லது.

அதற்கென்று ஒரு நோய் இருக்கிறது. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் குழாயும் கூலரும் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் கடைசியில் எஞ்சினின் மேற்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையே உள்ள ஹெட் காஸ்கெற் போகும். அறிகுறி இதுதான்: காலையில் குளிர்ந்த எஞ்சின் முதல் தடவை எழும்பும்போது சில விநாடிகள் காரே உதறும், பிறகு ஒன்றும் நடவாததுபோல அமைதியாகிவிடும். எஞ்சினைக் குளிர்த்தும் கூலன்ற் குறைந்துகொண்டே போகும், ஒழுக்கு எங்கும் தெரியாது. ஆகவே பிரியஸ் பார்க்கப் போகிற அன்று, நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்ராட் பண்ணவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பொனற்றில் கைவைத்துப் பாருங்கள். சுட்டால் காரணம் கேளுங்கள்.

2015 டிசம்பரில் வந்த நாலாம் தலைமுறை இதைவிட நல்ல கார். விலையும் அப்படியே.

அக்சியோ?

அக்குவாவின் எஞ்சினும் மோட்டாரும்தான், மேலே நாலு பேர் ஒழுங்காக இருக்கக்கூடிய உடம்பு, பின்னால் சூட்கேஸ் வைக்க டிக்கி. 2013இல் ஹைபிரிட்டாக வந்தது. அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு திரிகிற குடும்பத்துக்கு என் முதல் தெரிவு இதுதான். பார்வைக்கு ஒன்றுமில்லை, அதுவும் ஒருவகையில் நல்லது. திரும்ப விற்கும்போது ஆள் தேடத் தேவையில்லை. ஹொண்டா கிறேஸ் இதைவிட வடிவு, ஆனால் ஃபிட்டில் இருக்கும் அதே கியர்பொக்ஸ்.

வெசெல் எடுத்தால் என்ன?

எடுக்கலாம். எல்லோருக்கும் ஆசை அதில்தான், கலியாண வீட்டு வாசலில் நிற்கும்போது தெரியும். தரைக்கும் காருக்கும் இடையே 185 மில்லிமீற்றர், அக்குவாவுக்கு 140 தான். மாரி காலத்தில் உடைந்த வீதியில் இந்த வித்தியாசம் காலுக்குக் கீழே தெரியும்.

அதே ஏழு கியர், அதே உலர் கிளச் என்பதை மறக்கவேண்டாம். கார் பாரமும் கூட. 2021இல் வந்த இரண்டாம் தலைமுறை வெசெல் வேறு பிறவி. அதில் பெரும்பாலான நேரம் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க, மோட்டார்தான் சில்லைச் சுற்றும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் எஞ்சின் நேரடியாகச் சில்லோடு இணையும். இரட்டைக் கிளச் போய்விட்டது. கையில் காசு இருந்தால் அதுதான் வெசெல்.

வாங்குமுன் உங்கள் ஒழுங்கையை அளந்து பாருங்கள். சிரிப்பதற்குச் சொல்லவில்லை. வெசெல் 1770 மில்லிமீற்றர் அகலம், அதற்கு மேல் கண்ணாடி இரண்டு. கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் இரண்டு பக்கமும் மதில் எழும்பிய ஒழுங்கைகளில் எதிரே ஓட்டோ வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குத்தான் போகவேண்டும். அக்குவா 1695. வகன் ஆர் 1475 தான், கேற் தூணில் கண்ணாடியைக் கொடுக்காமல் வீட்டுக்குள் விடலாம்.

வகன் ஆரைக் கார் என்றே சிலர் சொல்வதில்லையே?

சொல்கிறவர் சொல்லட்டும். 660 சீசீ எஞ்சின், உயரமான கூரை, முட்டு வருத்தம் உள்ள அம்மம்மா குனியாமல் ஏறி இருக்கக்கூடிய சீற். ஊருக்குள் ஓட இதைவிட வசதி இல்லை. சின்ன எஞ்சினுக்கு வரி குறைவாக இருந்த காலத்தில் வந்து குவிந்ததால் உதிரிப்பாகமும் தாராளம். பெரிய உயர்மின்னழுத்தப் பற்றரி இல்லை, முன் சீற்றுக்குக் கீழே சின்ன லிதியம் பற்றரி ஒன்றுதான்.

குறை இரண்டு. சிக்னலில் எஞ்சின் நின்றால் ஏசியின் கொம்பிரசரும் நிற்கும், சித்திரை வெயிலில் இது பிடிக்காது. அப்புறம், ஏ9இல் பஸ்ஸை முந்தப் போகாதீர்கள். நாலு பேர் இருந்தால் அது எழும்பாது.

புதிதாக இறக்குமதியாகும் டொயோட்டா யாரிஸ் குறோஸ், ரைஸ் எப்படி?

2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது. பாவித்த கார் என்றால் மூன்று வருடத்துக்கு மேற்படாததாக இருக்கவேண்டும். அதனால் நம் சந்தையில் ஒரு பெரிய பள்ளம்: ஒன்று பத்து வருடம் ஓடிய அக்குவா, இல்லாவிட்டால் புத்தம் புதியது. நடுவில் அதிகம் இல்லை.

யாரிஸ் குறோஸ் ஹைபிரிட் 1.5 லீற்றர், டொயோட்டாவின் அதே கோள்பல்லிணை முறை, லிதியம் பற்றரி, தரைக்கும் காருக்கும் இடையே 170 மில்லிமீற்றர். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், விலையைப் பார்க்கத்தான் கண்ணைத் திறக்கவேண்டும்.

ரைஸ் எல்லாமே ஹைபிரிட் இல்லை. 1000 சீசீ ரேர்போ வெறும் பெற்றோல் கார். ஹைபிரிட் என்பது 1200 சீசீ, அதில் எஞ்சின் சில்லைத் தொடுவதே இல்லை, மின்சாரம் தயாரிப்பது மட்டும்தான். ஊருக்குள் ஓட அருமை, நெடுந்தூரத்தில் எஞ்சின் இரைச்சல் கொஞ்சம் உண்டு. இதைத் தயாரிக்கும் டைஹற்சு பக்கவாட்டு மோதல் பரிசோதனையில் ஒழுங்கு மீறியது 2023 மேயில் வெளிவந்து, ரைஸ் ஹைபிரிட் விற்பனை நிறுத்தப்பட்டு, பிறகுதான் தொடர்ந்தது. எந்த மாதம் தயாரித்த வண்டி என்று கேட்டு வாங்குங்கள்.

பற்றரி போனால் கதை முடிந்ததா?

ஹைபிரிட் பக்கமே போகாதவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் இது. பற்றரி ஒருநாள் போகும், உண்மை. ஆனால் ஒரேயடியாகப் போவதில்லை.

அக்குவாவின் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. 7.2 வோல்ற் கொண்ட 20 துண்டுகள் வரிசையாக, மொத்தம் 144 வோல்ற். பிரியஸில் 28 துண்டு. இவை நிக்கல் வகை. நடுவில் இருக்கும் துண்டுகளுக்குக் காற்று சரியாகப் போகாது, அவைதான் முதலில் சூடாகிப் பலவீனமாகும். ஒன்று விழுந்தால் முழுப் பற்றரியும் விழுந்ததாகக் கொம்பியூட்டர் சொல்லி, சிவப்பு முக்கோணத்தைக் காட்டும்.

இங்கேதான் மூன்று வழி வரும். செத்த துண்டை மட்டும் மாற்றுவது, மலிவு. ஆனால் மற்றத் துண்டுகளும் அதே வயதுதானே? ஆறு மாதத்தில் அடுத்தது விழும், பிறகு அதற்கடுத்தது. காரை விற்கப் போகிறவர் செய்யும் வேலை இது, வைத்திருக்கப் போகிறவர் செய்யக்கூடாது. இரண்டாவது, எல்லாத் துண்டையும் அளந்து சமப்படுத்திக் கட்டிய பழைய பற்றரி. செய்கிறவர் நேர்மையானவர் என்றால் இரண்டு மூன்று வருடம் ஓடும். மூன்றாவது, புதிய பற்றரி. நீங்கள் இன்னும் ஐந்து வருடம் காரை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் கூட்டிப் பார்க்கும்போது இதுதான் மலிவு. உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பற்றரியின் ஆயுளைக் கூட்ட நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, சல்லி செலவில்லை. பின் சீற்றோரம் சின்னத் துவாரங்கள் உள்ள ஒரு மூடி இருக்கும். பற்றரியைக் குளிர்த்தும் விசிறி காற்றிழுப்பது அதன் வழியாகத்தான். பின்னால் பிள்ளைகளின் புத்தகப் பை, சந்தைப் பை எல்லாவற்றையும் அதன் மேல் சாய்த்து வைத்திருப்பார்கள். மூடியைக் கழற்றினால் செம்மண் தூசியும் தலைமயிரும் மிக்சர்த் தூளும் பஞ்சுபோலத் திரண்டிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் கண்ணாடியைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுங்கள். உங்களுக்கு வேர்க்கும் இடத்தில் பற்றரிக்கும் வேர்க்கும்.

உப்புக் காற்று, கிணற்றுத் தண்ணீர் இவை காரைப் பாதிக்குமா?

பாதிக்கும். முதலில் தண்ணீர். குடாநாட்டு நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகத் தடித்திருக்கும். றேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீர் விட்டால் அதே படிவு உள்ளேயும் பிடிக்கும். டொயோட்டா ஹைபிரிட்டில் இரண்டு தனித்தனிக் கூலன்ற் தொட்டிகள் உண்டு, ஒன்று எஞ்சினுக்கு, மற்றது பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்கு. இன்வேர்ட்டர் போனால் வரும் செலவைக் கேட்டால் தலை சுற்றும். பொனற்றைத் திறந்து இரண்டு தொட்டியையும் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர் தெரிந்தால், அந்தக் காரை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

உப்புக் காற்று கரையோரக்காரருக்கு. பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கும் பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கும் தினம் போய்வருகிற கார் என்றால், வாங்குமுன் கராஜில் மேலே தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஹைபிரிட்டின் உயர்மின்னழுத்த வயர் செம்மஞ்சள் நிறக் குழாய்க்குள் அடியால்தான் ஓடுகிறது. அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளும் அதன் முனைகளும் துருப்பிடித்திருக்கக்கூடாது. வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

மாரி வெள்ளத்தில் ஓட்டினால் சொக் அடிக்குமா?

உங்களுக்கு அடிக்காது, மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு இருக்கிறது. அடிபடுவது உங்கள் காசு. பற்றரி சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கார்க் கதவின் அடிவிளிம்புக்குத் தண்ணீர் வந்தால் போகவேண்டாம். வெள்ளத்தில் நின்ற காரை நீங்களே ஸ்ராட் பண்ணிப் பார்க்கவும் வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணா ஊருக்கு வரும்போது ஓட ஹைபிரிட் வாங்கி வைக்கச் சொல்கிறார்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். கனடாவிலிருந்து ஆடி ஆவணியில் வந்து ஐந்து வாரம் ஓடிவிட்டு, மிச்ச நாள் முழுக்கத் துணி போர்த்தி நிற்கும் காருக்கு ஹைபிரிட்டைப்போல மோசமான தெரிவு இல்லை. நிக்கல் பற்றரி சும்மா நின்றாலே வடியும். அதற்கு முன்னமே சின்ன 12 வோல்ற் பற்றரி இறங்கிவிடும். அது இறங்கினால் பெரிய பற்றரியில் எவ்வளவு இருந்தாலும் கார் எழும்பாது, "ரெடி" வெளிச்சம் வராது.

வாங்கியாயிற்று என்றால், இரண்டு கிழமைக்கு ஒருமுறை யாராவது எடுத்து அரை மணித்தியாலம் ஓட்டவேண்டும். வீட்டு வாசலில் ஸ்ராட் பண்ணி ஐந்து நிமிடம் வைத்திருப்பது எதற்கும் உதவாது. அண்ணாவின் பேரில் கார், ஓட்டுவது தம்பி, சேர்விஸ் காசு யார் கொடுப்பது என்பதையும் முதலே பேசிவிடுங்கள். அது கார் விஷயம் இல்லை, ஆனால் அதில்தான் அதிகம் சண்டை.

பார்க்கப் போகும்போது என்ன செய்யவேண்டும்?

காரின் கொம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கானர் வைத்திருக்கும், ஹைபிரிட் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுப்பது வீண் காசில்லை. பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நின்ற இடத்தில் ஸ்கான் பண்ணினால் போதாது. ஏசியை முழுதாகப் போட்டு, இருபது முப்பது கிலோமீற்றர் ஓட்டிவிட்டு மறுபடியும் ஸ்கான் பண்ணவேண்டும். சாவகச்சேரி வரை போய்த் திரும்பினால் சரியாக இருக்கும். போகும்போது திரையில் பற்றரிக் கட்டங்களைக் கவனியுங்கள். மடமடவென்று நிரம்பி மடமடவென்று இறங்கினால் பற்றரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. ஸ்கானரில் ஒவ்வொரு தொகுதியின் வோல்ற்றும் தெரியும். வேகம் எடுக்கும்போது ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி விழுந்தால் அதுதான் நோயாளி.

ஃபிட், வெசெல் என்றால் இன்னொரு சோதனை. நடக்கிற வேகத்தில் நூறு மீற்றர் ஊர்ந்து போய், நிறுத்தி, பின்னால் எடுங்கள். இதைப் பத்துத் தடவை செய்யுங்கள். உதறல், இழுப்பு, கியர் விழத் தாமதம் ஏதாவது இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

ஏசி திருத்தியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் கொம்பிரசர் உயர்மின்னழுத்தத்தில் ஓடுவது. அதற்குரிய ஒயில் வேறு. தெரியாமல் சாதாரணக் கார் ஒயிலை விட்டால் மின் கசிவு வந்து காரே எழும்பாமல் போகும். காரணம் கண்டுபிடிக்கவே மாதம் பிடிக்கும்.

மைலேஜ் மீற்றரை நம்பலாமா?

நம்பவேண்டாம். யப்பானில் ஏலத்தில் விற்கும்போது ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் எழுதுவார்கள். தரப் புள்ளி, ஓடிய தூரம், எங்கே கீறல், எங்கே நெளிவு எல்லாம் அதில் இருக்கும். தரத்தில் "ஆர்" என்று எழுதியிருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தியது. விற்பவர் காட்டும் தாளை வைத்துத் திருப்திப்படாமல், சேசி இலக்கத்தைக் கொடுத்து இணையத்தில் நீங்களே சிறு கட்டணத்துக்கு எடுத்துப் பாருங்கள். தாளில் 90,000 இருந்து மீற்றரில் 60,000 காட்டினால், பொய் சொன்னது மீற்றர் மட்டுமில்லை.

பிறகு ஸ்ரேறிங், பிறேக் பெடல், ஓட்டுநர் சீற்றின் ஓரம் மூன்றையும் பாருங்கள். அறுபதாயிரம் ஓடிய காரில் ஸ்ரேறிங் தோல் பளபளவென்று மழுங்கியிருக்காது.

கொழும்பில் வாங்கினால் மலிவா?

தெரிவு கூட, பேரம் பேச இடம் கூட. ஆனால் போய்வரும் செலவு, அன்றைக்கே முடிவெடுக்கவேண்டிய அவசரம், பிழை வந்தால் 400 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் விற்பனையாளர், இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே வாங்கினால் யாருடைய கார், எங்கே ஓடியது என்று விசாரிக்கலாம், சுன்னாகத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். வித்தியாசம் ஒரு லட்சத்துக்குள் என்றால் நான் ஊரிலேயே வாங்குவேன்.

பெற்றோல் 92 போதுமா, 95 அடிக்கவேண்டுமா?

92 போதும். யப்பானின் சாதாரணப் பெற்றோல் இதைவிடக் கொஞ்சம் குறைந்ததுதான், இந்த எஞ்சின்கள் அதற்கென்று செய்தவை. 95க்குக் கொடுக்கும் காசை நல்ல ஒயிலுக்குக் கொடுங்கள்.

ஹைபிரிட்டை விட்டு நேரே மின்சாரக் கார் வாங்கினால்?

கூரையில் சோலர் இருக்கிறது, ஓட்டம் ஊருக்குள்தான் என்றால் தாராளமாக யோசிக்கலாம். பழைய நிசான் லீஃப் மலிவாக வந்தால் மட்டும் அவதானம். அதன் பற்றரிக்குக் குளிர்த்தும் முறை கிடையாது, வெப்ப நாட்டில் கொள்ளளவு வேகமாகக் குறையும்.

நடுவழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா?

முன் சில்லு தரையில் உருள டொயோட்டா ஹைபிரிட்டை இழுக்கக்கூடாது. சில்லோடு மோட்டாரும் சேர்ந்து சுற்றி மின்சாரம் பிறப்பிக்கும், இருக்கிற பழுதுக்கு மேல் இன்னொன்று வரும். முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கவேண்டும், அல்லது முழுக் காரையும் லொறியில் ஏற்றவேண்டும். காப்புறுதி எடுக்கும்போதே இந்தச் சேவை அதில் இருக்கிறதா, வடக்குக்கும் உண்டா, எத்தனை கிலோமீற்றர் வரை என்று கேளுங்கள். ஆனையிறவில் இரவு பதினொரு மணிக்கு நின்றுகொண்டு கேட்கிற கேள்வி இல்லை அது.